போக்கரில் ஜெயிக்கிறவர் வேலையை விடலாமா? எக்செல் ஷீட்டில் வராத கணக்கு

ஒரு எக்செல் ஷீட்டில் இருந்து தொடங்கலாம்.

சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனி. அங்கே மாதம் 60,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 27 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலம் 2024. ஆபீஸ் முடிந்து வந்ததும் தினமும் இரண்டு மணி நேரம் ஆன்லைனில் போக்கர் ஆடுகிறார். கடன் வாங்கி ஆடுவதில்லை. தோற்ற பணத்தைத் துரத்திக்கொண்டு போவதும் இல்லை. ஒவ்வொரு நாள் வரவு செலவையும் ஷீட்டில் போட்டு வைக்கிறார். 14 மாதத்தில் 10 மாதம் பச்சை, 4 மாதம் சிவப்பு. சராசரி லாபம் மாதம் 20,000 ரூபாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர் ஒரு கணக்குப் போடுகிறார். மாதம் 57 மணி நேரம் ஆடினால் 20,000. வேலையை விட்டுவிட்டு 170 மணி நேரம் ஆடினால் 60,000. சம்பளம் அப்படியே வந்துவிடுகிறது. மேனேஜர் கிடையாது, டிராஃபிக் கிடையாது, அப்ரைசல் கிடையாது. அப்புறம் எதுக்கு இந்த வேலை?

பெருக்கல் சரிதான். ஆனால் அந்த 20,000 ரூபாயை அவருடைய திறமை மட்டும் சம்பாதிக்கவில்லை. மாதம் முதல் தேதி அக்கவுன்டில் விழுந்த 60,000 ரூபாய்க்கும் அதில் பங்கு இருக்கிறது. வேலையை விடும் நாளில் அந்தப் பங்கும் சேர்ந்து போய்விடும். பொழுதுபோக்கைத் தொழிலாக மாற்ற நினைப்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

தடை வந்த பிறகும் ஏன் இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டத்துக்குப் பிறகு, இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கருக்குக் கதவு மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு முடிந்துவிடவில்லை. கோவா கேசினோக்களில் நேரடி டேபிள்கள் இருக்கின்றன. வெளிநாடு போய் டோர்னமென்ட் ஆடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இதே கணக்கைப் போட்டுப் பார்த்து பங்குச் சந்தை ஆப்ஷன் டிரேடிங்கில் முழு நேரமாக இறங்குபவர்கள் இன்னும் அதிகம். களம் மாறினாலும், 'சைடுல இவ்ளோ வருதுன்னா, முழு நேரம் பண்ணா எவ்ளோ வரும்?' என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு அக்கவுன்டன்டிடம்

இந்தக் கனவுக்கு உலகம் முழுக்க ஒரு முகம் உண்டு: கிறிஸ் மணிமேக்கர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்காரர், தொழில் கணக்காளர். 2003-ல் ஆன்லைனில் ஒரு சின்ன தகுதிச் சுற்றில் ஜெயித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்தார். அந்த வருடம் ஆடியவர்கள் 839 பேர். கடைசியில் 25 லட்சம் டாலரோடு வெளியே வந்தவர் அவர்தான். பெயரே 'மணிமேக்கர்' என்று அமைந்தது இன்னொரு வசதி.

'ஒரு சாதாரண ஆபீஸ்காரர் ஜெயிக்கலாம்னா நான் ஏன் ஜெயிக்க முடியாது?' என்று லட்சக்கணக்கானவர்கள் யோசித்தார்கள். அடுத்த வருடமே அதே போட்டியில் ஆடியவர்கள் 2,576 பேர். 2006-ல் 8,773 பேர். கல்லூரி ஹாஸ்டல்களில் இருந்து, அபார்ட்மென்ட் அறைகளில் இருந்து ஒரு புதுத் தொழில் பிறந்தது.

மணிமேக்கரின் கதை உண்மை. ஆனால் அந்தக் கதையில் 839 பேரில் ஒருவரைப் பற்றித்தான் இருக்கிறது. மற்ற 838 பேர் மறுநாள் காலை என்ன வேலைக்குப் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் என்பது ரொம்பச் சின்னது

போக்கரில் திறமை இருக்கிறதா? இருக்கிறது. சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தத் திறமை பணமாகக் கண்ணுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகும். அதுவரை நடப்பதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'வேரியன்ஸ்'. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் சீட்டோட ஏத்த இறக்கம்.

ஒரு உதாரணம். கையில் இரண்டு ஏஸ். இதைவிடப் பெரிய ஆரம்பச் சீட்டு கிடையாது. எதிராளியிடம் இரண்டு கிங். இருவரும் மொத்தப் பணத்தையும் உள்ளே தள்ளுகிறார்கள். 100 முறை இப்படி நடந்தால் ஏறக்குறைய 82 முறை ஏஸ் ஜெயிக்கும். மீதி 18 முறை தப்பே செய்யாமல் தோற்க வேண்டும். அந்த 18-ல் நாலு முறை ஒரே வாரத்தில் வந்தால்? வரும். தாராளமாக வரும்.

இப்போது அந்த ஓஎம்ஆர் இளைஞரிடம் திரும்பலாம். ஒரு முறை சீட்டுப் போட்டு முடிவு தெரியும் வரையான சுற்றுக்கு 'ஹேண்ட்' என்று பெயர். அவர் ஆடுவது 25-50 ரூபாய் டேபிள். டேபிளில் உட்கார எடுத்துப் போகும் தொகை 5,000 ரூபாய். 100 ஹேண்டுக்குச் சராசரியாக 250 ரூபாய் ஜெயிக்கிறார். நல்ல ஆட்டக்காரர் என்று சொல்லக்கூடிய அளவு இது. ஆனால் இந்த வகை ஆட்டத்தில் 100 ஹேண்டுக்கு 5,000 ரூபாய் வரை மேலேயோ கீழேயோ போவது சகஜம். அதாவது லாபத்தைவிட ஆட்டம் 20 மடங்கு பெரியது.

இதை வைத்துப் புள்ளியியல் கணக்குப் போட்டால், மாதம் 8,000 ஹேண்ட் ஆடும் அவருக்கு மூன்று மாதத்தில் ஒரு மாதம் நஷ்டம் வருவதுதான் இயல்பு. முழு நேரம் இறங்கி மாதம் 24,000 ஹேண்ட் ஆடினால் சராசரி லாபம் 60,000 ரூபாய். ஆனால் மூன்றில் இரண்டு மாதங்கள் 17,000 ரூபாய் நஷ்டத்துக்கும் 1,37,000 ரூபாய் லாபத்துக்கும் நடுவே எங்கேயாவது விழும். மீதி மாதங்கள் அதையும் தாண்டும். ஒரு தப்பும் செய்யாமல் ஆடினாலும் வருடத்தில் இரண்டு, மூன்று மாதம் வருமானம் பூஜ்யத்துக்குக் கீழே.

எந்த ஆபீஸிலாவது 'இந்த மாசம் நல்லா வேலை பாத்தீங்க, அதனால 17,000 ரூபாய் நீங்க கம்பெனிக்குக் கட்டணும்' என்று சொல்வார்களா? போக்கர் சொல்லும்.

14 மாத ரெக்கார்டு போதாதா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 14 மாதம் என்பது நீண்ட காலம் போலத் தெரியும். ஹேண்ட் கணக்கில் அது 1,12,000. அவ்வளவு ஆடிய பிறகும், '100 ஹேண்டுக்கு 250 ரூபாய்' என்ற அவருடைய சராசரி உறுதியாகிவிடுவதில்லை. உண்மையான திறன் 100 ரூபாயாக இருந்திருக்கலாம், அதிர்ஷ்டம் மேலே தூக்கிவிட்டிருக்கலாம். அல்லது 400 ரூபாயாக இருந்திருக்கலாம், அதிர்ஷ்டம் கீழே இழுத்திருக்கலாம். இரண்டுமே கணக்கில் நடக்கக்கூடியவைதான்.

உண்மை 100 ரூபாய்தான் என்றால்? முழு நேரம் உழைத்தாலும் மாதச் சராசரி 24,000 ரூபாய். வேலையை விட்ட பிறகுதான் இது தெரியவரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'வேலையை விடலாமா' என்று யோசிப்பவர் யாரும் நஷ்டத்தில் இருப்பவர் இல்லை. சீட்டு நல்லா விழுந்த காலத்தைக் கடந்து வந்தவர்தான் அந்தக் கேள்வியையே கேட்கிறார். ஆகவே கேள்வி எழும் நேரத்தில் அவருடைய ஷீட்டில் உள்ள எண் அவருடைய உண்மையான திறனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேசினோவில் நேரில் உட்கார்ந்து ஆடினால் நிலைமை இன்னும் மெதுவாகப் போகும். டீலர் கையால் சீட்டுப் போடும் டேபிளில் மணிக்கு 25 முதல் 30 ஹேண்ட்தான் நடக்கும். அதே 1,12,000 ஹேண்டை ஆடி முடிக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருட முழு நேர உழைப்பு தேவை. 'நான் இந்தத் தொழிலுக்குத் தகுதியானவனா' என்ற கேள்விக்கு அரைகுறைப் பதில் கிடைக்கவே இரண்டு வருடம்!

வாடகைத் தேதி டேபிளில் வந்து உட்காரும்போது

பகுதி நேரமாக ஆடியபோது அந்த இளைஞரிடம் ஒரு பெரிய ஆயுதம் இருந்தது. அவருக்கே அது ஆயுதம் என்று தெரியாது. எழுந்து போகும் சுதந்திரம்தான் அது.

தலைவலியா? இன்னைக்கு வேணாம். டேபிளில் எல்லாரும் பலமான ஆட்டக்காரர்களா? வேற டேபிள் பாத்துக்கலாம். இரண்டு முறை மோசமாகத் தோற்று எரிச்சலாக இருக்கிறதா? லேப்டாப்பை மூடிவிட்டு தோசை சாப்பிடப் போகலாம். அவருடைய பச்சை மாதங்களில் பெரும்பகுதி, ஆடிய ஹேண்டுகளால் மட்டும் வந்ததில்லை. ஆடாமல் விட்ட ஹேண்டுகளாலும் வந்தது.

வேலையை விட்ட பிறகு? மாதம் 20-ம் தேதி. கணக்கு 15,000 ரூபாய் சிவப்பில் நிற்கிறது. வாடகை, பைக் இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் வேண்டும். இப்போது தலைவலி வந்தாலும் எழ முடியாது. டேபிள் கஷ்டமானதாக இருந்தாலும் உட்கார்ந்தாக வேண்டும். எரிச்சலில் ஆடுவதைப் போக்கர்காரர்கள் 'டில்ட்' என்பார்கள். பகுதி நேர ஆட்டக்காரருக்கு டில்ட் ஒரு கெட்ட ராத்திரி. முழு நேர ஆட்டக்காரருக்கு அது மாசக் கடைசி வரை நீடிக்கும்.

இதில் இரண்டு விதமான சறுக்கல் உண்டு. சிலர் சீக்கிரம் பணம் பார்க்கப் பெரிய டேபிளுக்குத் தாவுவார்கள். வேறு சிலர் இருப்பதை இழந்துவிடுவோமோ என்று பயந்து, துணிந்து பந்தயம் கட்ட வேண்டிய இடத்தில் சீட்டைக் கீழே போட்டுவிடுவார்கள். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: சீட்டைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவை வாடகையைப் பார்த்து எடுக்கிறார்கள். திறமை அதேதான், ஆட்டம் வேறாகிவிடுகிறது.

இதற்கு மேல் முதலீடு என்ற பிரச்சினை. ஆட்டத்துக்காக ஒதுக்கி வைக்கும் மொத்தப் பணத்துக்கு 'பேங்க்ரோல்' என்று பெயர். 5,000 ரூபாய் டேபிளில் ஆடுபவர் 50 மடங்கு, அதாவது 2,50,000 ரூபாய் வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். சம்பளம் இருந்தவரை அந்தப் பணத்தை யாரும் தொடவில்லை. இப்போது மாதம் 35,000 செலவுக்கும் அதில்தான் கை வைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மோசமான மாதம், ஆட்டத்தில் 50,000 நஷ்டம், செலவு 70,000. மொத்தம் 1,20,000. தொழிலின் மூலதனத்தில் ஏறக்குறைய பாதி காலி. கடையில் சரக்கையே எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவது போன்ற நிலை.

பணம் தீர்ந்தவர்களுக்காக 'ஸ்டேக்கிங்' என்ற ஏற்பாடு இந்த உலகத்தில் உண்டு. வேறொருவர் பணம் போடுவார், லாபத்தில் பங்கு எடுப்பார். நஷ்டம் வந்தால் அது கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதை ஜெயித்து அடைத்த பிறகுதான் ஆடுபவருக்குப் பங்கு. 'பாஸ் வேணாம்' என்று வேலையை விட்டவருக்கு மறுபடியும் ஒரு பாஸ்.

மற்றவர்கள் ஓய்வு நேரமே வேலை நேரம்

போக்கரில் லாபம் எங்கிருந்து வருகிறது? டேபிளில் எதிரே இருப்பவரின் பாக்கெட்டில் இருந்து. அதில் ஒரு பங்கை 'ரேக்' என்ற பெயரில் தளமோ கேசினோவோ ஒவ்வொரு சுற்றிலும் எடுத்துக்கொள்ளும். ஆகவே தன்னைவிடச் சுமாராக ஆடுபவர்கள் வரும் நேரத்தில்தான் தொழில்முறை ஆட்டக்காரர் உட்கார்ந்தாக வேண்டும். அவர்கள் எப்போது வருவார்கள்? வெள்ளிக்கிழமை ராத்திரி, சனி, ஞாயிறு, தீபாவளி லீவு. நண்பர்களின் கல்யாண ரிசப்ஷன், தங்கச்சி மகனின் பிறந்தநாள் எல்லாம் பிசினஸ் நேரத்தில்தான் வரும்.

பகலில் ஊரே வேலைக்குப் போயிருக்கும்போது இவர் தூங்குவார். ஒரு நல்ல நாளைப் பற்றிச் சொல்லக்கூட ஆபீஸ் கேன்டீன் நண்பர்கள் இல்லை. ஐந்து நாள் தொடர்ந்து தோற்றதை வீட்டில் சொல்ல முடியாது. 'தம்பி எங்க வேலை பாக்குது?' என்று ஊரில் இருந்து வந்த பெரியப்பா கேட்டால் அம்மாவிடம் பதில் இல்லை. 'சீட்டாடுறான்' என்று சொல்ல அவரால் முடியுமா? 'வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்' என்று சமாளிப்பார்.

இது வெறும் மானப் பிரச்சினை மட்டும் இல்லை. சேலரி ஸ்லிப் இல்லாவிட்டால் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போக முடியாது. பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, அப்பாவின் ஆஞ்சியோவுக்கு உதவிய கம்பெனி இன்சூரன்ஸ் இல்லை. மூன்று வருடம் கழித்துத் திரும்ப ஐடி வேலை தேடினால் ரெஸ்யூமேயில் அந்த இடைவெளிக்கு என்ன எழுதுவது என்று தெரியாது. 60,000-க்கு 60,000 சரியாப்போச்சு என்ற அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் இதில் ஒன்றுகூட இல்லை.

வரி என்ற இன்னொரு ஆட்டக்காரர்

சரி, எல்லாவற்றையும் தாண்டி வருடம் 7,20,000 ரூபாய் ஜெயித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆன்லைன் கேம் நிகர லாபத்துக்கு இந்தியாவில் நேராக 30 சதவீத வருமான வரி. அடிப்படை விலக்கு கிடையாது. செஸ் சேர்க்காமலே 2,16,000 ரூபாய் போய்விடும். மீதி மாதம் 42,000. அதே 7,20,000-ஐச் சம்பளமாக வாங்கியிருந்தால், 2024-25 நிதியாண்டின் புதிய வரி முறையில் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

லேப்டாப், இன்டர்நெட், கோச்சிங் என்று செலவுக் கணக்குக் காட்டவும் முடியாது. ஒரு வருட நஷ்டத்தை அடுத்த வருட லாபத்தில் கழிக்கவும் முடியாது. முதல் வருடம் 3,00,000 நஷ்டம், அடுத்த வருடம் 5,00,000 லாபம் என்றால், இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கையில் நிற்பது 2,00,000. ஆனால் வரி 5,00,000-க்கு. 1,50,000 கட்டிவிட்டால் மிச்சம் 50,000. ஏற்ற இறக்கமே இயல்பான ஒரு தொழிலில், ஏற்றத்தை மட்டும் அரசு கணக்கில் எடுக்கிறது.

இது இந்தியாவின் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம், 2026-ல் இருந்து சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்கலாம் என்கிறது. 1,00,000 டாலர் ஜெயித்து 1,00,000 டாலர் தோற்றவர், கையில் ஒரு சென்ட் மிஞ்சாவிட்டாலும் 10,000 டாலருக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும்.

முழு நேரச் சூதாட்டத்தைத் தொழிலாக ஏற்கலாமா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1987-ல் விசாரித்தது. வழக்குப் போட்டவர் ராபர்ட் குரோட்சிங்கர், நாய்ப் பந்தயத்தில் பணம் கட்டியவர். வாரத்துக்கு 60 முதல் 80 மணி நேரம் அதற்காகவே உழைத்தார். 'இது தொழில்தான்' என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் வழக்குக்குக் காரணமான 1978-ம் வருடக் கணக்கைப் பார்த்தால், அவர் ஜெயித்தது 70,000 டாலர், கட்டிய பந்தயம் 72,032 டாலர். அவ்வளவு மணி நேர உழைப்புக்குப் பிறகு 2,032 டாலர் நஷ்டம்.

ஒரே வாரத்தில் மூடிய ஆபீஸ்

மேலே சொன்ன எல்லாமே ஆட்டம் நடக்கும்வரைதான். ஆட்டமே நின்றுபோனால்?

2011 ஏப்ரல் 15-ம் தேதியைப் போக்கர் உலகம் 'கறுப்பு வெள்ளி' என்கிறது. போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட் போக்கர், அப்சல்யூட் போக்கர் ஆகிய பெரிய தளங்களின் நிறுவனர்கள் மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டி, இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. அன்று காலை வரை வருமானம் பார்த்த ஆட்டக்காரர்களுக்கு மாலையில் வேலை இல்லை. சிலர் கனடா, மெக்சிகோ என்று நாடு மாறினார்கள். ஃபுல் டில்ட் தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு 2014-ல்தான் அது திரும்பி வரத் தொடங்கியது. பேங்க்ரோல் மொத்தத்தையும் அங்கே வைத்திருந்தவர்களுக்கு அந்த மூன்று வருடம் எப்படிப் போயிருக்கும்?

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் இதை அதைவிட அதிகமாகவே பார்த்துவிட்டார்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்த மாநில அரசின் சட்டத்திருத்தத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் புதிய தடைச் சட்டம் வந்தது. அதே வருடம் நவம்பரில் சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்ற விதி வந்தது. அதையும் நீதிமன்றம் ஏற்றது.

கடைசியாக மத்திய அரசின் சட்டம். 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கே இடமில்லாமல், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் அது தடை செய்கிறது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. நடத்துபவருக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். நிறுவனங்கள் பண ஆட்டங்களை உடனே நிறுத்தின. எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இந்தச் சட்டம் சரியா தப்பா என்பது தனி விவாதம். கடன்பட்டுக் குடும்பம் சிதைந்தவர்களின் கதைகளைக் கேட்டவர்கள் அதை வரவேற்றார்கள். திறமையை நம்பி ஆடியவர்கள் அதை அநியாயம் என்றார்கள். ஆனால் வேலையை விட்டிருந்தவரின் நிலையில் இருந்து பார்த்தால் பதில் ஒன்றுதான். நோட்டீஸ் பீரியட் இல்லை, செட்டில்மென்ட் இல்லை, லேபர் கோர்ட் இல்லை. வேலையில் இருந்துகொண்டே ஆடியவருக்கு அந்த வாரம் ஒரு பொழுதுபோக்கு போயிற்று. வேலையை விட்டவருக்கு வாழ்க்கையே நின்றது. இப்போது வெளிநாட்டுத் தளங்களில் திருட்டுத்தனமாக ஆடலாம் என்று சொல்பவர்கள், ஜெயித்த பணத்தை அவன் தராவிட்டால் யாரிடம் புகார் கொடுப்பது என்று சொல்வதில்லை.

அனுபவம் கூடும், லாபம் கூடுமா?

மற்ற தொழில்களில் வருடம் ஏற ஏறச் சம்பளம் ஏறும். போக்கரில் எதிராளியும் படித்துக்கொண்டே இருக்கிறார். 2017-ல் லிப்ராட்டஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஹேண்டில் தோற்கடித்தது. 2019-ல் ப்ளூரிபஸ் என்ற இன்னொன்று, ஆறு பேர் ஆடும் டேபிளிலும் ஜெயித்துக் காட்டியது. 'சால்வர்' என்ற மென்பொருள் இன்று சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். எந்தச் சீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லிக் கொடுக்கும். 2005-ல் லாபம் தந்த ஆட்டம் இன்று நஷ்டம் தரும். அதே இடத்தில் நிற்கவே தினமும் படிக்க வேண்டும். படிக்கும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

அப்படியானால் யாருமே ஜெயிக்கவில்லையா?

ஜெயித்தவர்கள் உண்டு. பல வருடம் இதையே தொழிலாக வைத்துக் குடும்பம் நடத்துபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். திறமை உள்ள ஒருவர் ஏன் தன் ஆசைப்படி வாழக் கூடாது என்ற கேள்வியும் நியாயமானதுதான். பிடிக்காத வேலையில் 30 வருடம் உட்கார்வதும் ஒரு வகைச் சூதாட்டம்தான் என்று ஒருவர் சொன்னால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் நிலைத்து நிற்பவர்கள் செய்வதைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும். பேங்க்ரோலையும் வீட்டுச் செலவுப் பணத்தையும் அவர்கள் கலப்பதில்லை. ஒரு வருடச் செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகே இறங்குகிறார்கள். கோச்சிங், எழுத்து, ஸ்பான்சர்ஷிப் என்று பக்கத்தில் இன்னொரு வருமானம் வைத்திருக்கிறார்கள். மணிமேக்கரே பல வருடங்கள் ஒரு போக்கர் தளத்தின் விளம்பர முகமாக இருந்தவர்தான். எத்தனை மணிக்கு எழுந்து போக வேண்டும் என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், சம்பளம் கொடுத்த பாதுகாப்பை வேறு வழியில் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். அதைக் கட்ட முடியாதவர்தான் வேலையை விடக் கூடாதவர்.

டேபிள் மாறினாலும் கணக்கு மாறாது

ஆப்ஷன் டிரேடிங்கில் இறங்க நினைப்பவருக்கும் இது பொருந்தும். 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில், எதிர்காலப் பேரம், ஆப்ஷன் பிரிவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய் இழந்தார்கள் என்று 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மீதி 7 சதவீதத்தில் பலரிடம் இன்று ஒரு பச்சை நிற எக்செல் ஷீட் இருக்கும். 'முழு நேரமா பண்ணா?' என்ற கேள்வியும் இருக்கும்.

அந்த ஷீட்டில் இன்னும் இரண்டு காலம் சேர்த்துப் பார்க்கலாம். 'இந்த மாதம் எத்தனை முறை ஆடாமல் எழுந்து போனேன்?' என்பது ஒன்று. 'சம்பளம் வராமல் இருந்திருந்தால் அதில் எத்தனை முறை எழுந்திருப்பேன்?' என்பது இன்னொன்று. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அவர் வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அந்த 20,000 ரூபாய் லாபத்துக்கு முதலீடு போட்டது யார் என்பதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது. திங்கட்கிழமை காலை அந்த ஆபீஸ் பஸ்ஸில் ஏறுவதுதான் அவர் இதுவரை ஆடிய ஆட்டங்களிலேயே புத்திசாலித்தனமான ஆட்டம்.

(ஆட்டத்துக்காகக் கடன் வாங்குவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் தவிப்பது போன்ற நிலையில் இருப்பவர்கள் மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.)